கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்பேனர்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒன்பது நாள் ஓர் இரும்புத் துண்டு இருந்தது. சாக்கில் சுற்றி, மேலே பழைய செய்தித்தாள் போட்டு, சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தார் அப்பா. அது என்ன, எங்கிருந்து வந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகி இடத்தை மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கோடை லீவு விட்டிருந்தார்கள். அப்பா ஏதோ ஒரு குற்றத்தில் சேர்ந்திருக்கிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. எந்தக் குற்றம் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

நாங்கள் புனேயில், தாபோடியில் குடியிருந்தோம். அப்பாவின் தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா பிறந்ததும் படித்ததும் இங்கேதான். ராணுவ இன்ஜினியரிங் கல்லூரியில் ஸ்டோர் கிளார்க். ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டிய கருவிகளை எடுத்துக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கி, அதனதன் ஆணியில் மாட்டி வைப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் அவர்தான். அவர் வாசித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்கும். அதனால் தாபோடித் தமிழர்கள் நடுவே அப்பாவின் தமிழுக்குத் தனி மரியாதை உண்டு. வீட்டில் நாங்கள் பேசியது வேறு தமிழ். "பாப்பா, ஜல்தி குளி, பானி நின்னுடும்" என்கிற ரகம்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரில் ஒரு பெண் வக்கீல் சர்ச் வாசலில் வந்து இறங்கினார். மராட்டிக்காரர், சின்ன வயது. வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாத ஒருவருக்காகக் கோர்ட்டே அவரை நியமித்திருந்தது. அந்த ஆள் திருச்செங்கோட்டுப் பக்கம். ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்குத் துளை போடும் போர்வெல் லாரியில் வேலை. இரண்டு மாதமாகத் தன் கட்சிக்காரரிடம் கையைக் காலை ஆட்டித்தான் பேசிக்கொண்டிருப்பதாக வக்கீல் சொன்னார். சாட்சிகள் சொன்னது எதுவும் அந்தக் கட்சிக்காரருக்குப் புரியவில்லை. இனி நீதிபதியே அவரைக் கேள்வி கேட்கும் நாள் வரப்போகிறது. அவர் தமிழில் சொல்வதை மராட்டியில் சொல்ல ஒருவர் வேண்டும். பாதிரியார் அப்பாவைக் கைகாட்டினார். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அதற்கென்ன, செய்யலாமே என்றார்.

வழக்கு இதுதான். நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை அடி ஆழம் போட்டார்கள் என்பதில் காலையில் தோட்டத்துச் சொந்தக்காரருடைய தம்பிக்கும் லாரி ஆட்களுக்கும் வாய்ச்சண்டை. மத்தியானம் அந்தத் தம்பியின் மண்டை பிளந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம். இந்த ஆள் சத்தம் போட்டார், உடனே இரும்பால் அடித்தார் என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். கொலை முயற்சி. நிரூபணமானால் பல வருஷம் உள்ளே. அவருக்கு வயது இருபத்திரண்டு.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அந்த மாதம் பகல் டியூட்டி. அண்ணனிடம் என்னை ஒப்படைத்தால் அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான். ஆகவே அந்தத் திங்கட்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு லோக்கல் ரயில் பிடித்தார். சிவாஜிநகரில் இறங்கி நடந்தோம். கோர்ட்டில் பின்பெஞ்சில் என்னை உட்காரவைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்றார். நான் திறக்கவில்லை. கண்ணையும் காதையும் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அப்பா பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார். நீதிபதியின் மேஜைக்குக் கீழே இன்னொரு மேஜையில் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்த ஒரு மூட்டை இருந்தது. அதுதான் அடித்த இரும்பு என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் அதைப் பிரிக்கவில்லை.

கூண்டில் நின்ற ஆள் ஒல்லி. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். நீதிபதி கேட்பார், அப்பா தமிழில் சொல்வார், அவர் பதில் சொல்வார். முதல் சில பதில்கள் சின்னவை. அதன் பிறகு, அன்று மத்தியானம் என்ன நடந்தது என்ற கேள்வி வந்தது. அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். பேசினார், பேசினார், நிறுத்தாமல் பேசினார். குனிந்து காட்டினார், எதையோ பிடித்துத் திருகுவது போல் காட்டினார், ஒரு பக்கமாகத் துள்ளிக் காட்டினார். அவ்வளவு வேகமான தமிழை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான். "மூணு வாட்டி" என்றார். மூன்று விரலையும் நீட்டினார்.

அவர் முடித்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மராட்டியில் சொன்னார்: "அவரை நகரச் சொன்னேன். ஸ்பேனர் என் கையிலிருந்து போய் அவர்மேல் பட்டது."

அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். நான் மராட்டி மீடியம். ஒரு சொல் விடாமல் புரிந்தது. அந்த மூன்று எங்கே போயிற்று?

எழுதிய வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்படி நீதிபதி சொன்னார். அப்பா காகிதத்தைக் கையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக் குரலில், மராட்டியிலிருந்து நல்ல தமிழாக்கிச் சொன்னார். 'அவ்விடம் விட்டு அகன்றுபோகும்படி நான் அவருக்குச் சொன்னேன்' என்று தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. கூண்டில் நின்றவர் திரும்பக் கையைக் கட்டிக்கொண்டார். வேதபாடம் வாசிக்கும்போது சர்ச்சில் நிற்பார்களே, அப்படி நின்றார். சரியா என்று அப்பா கேட்டதற்கு, "அய்யா சொன்னாச் சரிதானுங்க" என்றார். கைநாட்டு வைத்தார்.

வெளியே வந்ததும் அப்பா என்னை வடாபாவ் வாங்கிவர அனுப்பினார். நான் இரண்டு பொட்டலத்தோடு திரும்பியபோது லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் அப்பாவை மறித்துக்கொண்டு நின்றார். பிற்பாடு தெரிந்தது, அந்தப் போர்வெல் லாரியின் டிரைவர். ஊரெல்லாம் சுற்றியதில் இந்தியும் மராட்டியும் காதில் ஏறியவர். எனக்குக் கேட்டது அவருடைய கடைசிக் கேள்வி மட்டும்.

"ஏனுங் சார், உள்ற நீங்க பேசுனது தமிழுங்களா?"

அப்பாவின் முகம் போன போக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ரயிலில் அப்பா வடாபாவைத் தொடவே இல்லை. மிரட்டுகிறார்கள் என்று தீர்மானித்தேன். எதை மறைப்பதற்கு மிரட்டுகிறார்கள் என்று அன்றே ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்வியாக எழுதி வைத்தேன்.

அதன் பிறகு அப்பா மாலையில் கிளம்பும்போதெல்லாம் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். எல்லாம் தானாக வந்து நோட்டில் விழுந்தது. புதன், மாலை ஆறு மணி: தாபோடி ஸ்டேஷன், டிக்கெட் ஜன்னலிலிருந்து இரண்டாவது பெஞ்சு. அப்பாவும் லுங்கிக்காரரும். அப்பா ஒரு சின்னக் காகிதத்தில் எழுதுகிறார். சனி, ஐந்தே முக்கால்: அதே பெஞ்சு. லுங்கிக்காரர் சாக்கு மூட்டை ஒன்றைக் கொடுக்கிறார். அப்பா இரண்டு கையாலும் தூக்கி, நடுவில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து, வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அம்மா வருவதற்குள் கட்டிலுக்கு அடியில் போகிறது. செவ்வாய், ஆறே கால்: அதே பெஞ்சு. அந்தக் காகிதம் அப்பாவின் சர்ச் பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஏதோ கருவியின் படமும் பக்கத்தில் பக்கத்தில் சொற்களும் இருந்தன. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டிப் பார்த்தும் விளங்கவில்லை. சங்கேதம் என்று முடிவு செய்தேன்.

சாக்கைப் பிரித்தும் பார்த்தேன். கனத்த இரும்பு, ஒரு முனையில் பிளந்த வாய், என் கையைவிட நீளம். ஒரு முனையைக்கூட என்னால் தூக்க முடியவில்லை. கோர்ட் மேஜையில் இருந்த மூட்டையின் நீளமும் இதேதான். அப்படியென்றால் அங்கே இருப்பது பொய், உண்மையான இரும்பு எங்கள் வீட்டில்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் மட்டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம அப்பாவா? அவருக்குத் திருடத் தெரிஞ்சிருந்தா நம்ம வீட்ல ஸ்கூட்டர் நின்னுருக்கும். போடி, டைம்பாஸ் பண்ணாத."

அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் அம்மா அப்பாவிடம் கேட்பார், அப்பா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். பெண் வக்கீலிடம் சொல்லலாம். ஆனால் அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவரும் வீட்டுக்கு வந்து அப்பாவோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார். டீகூடக் குடிக்கவில்லை. ஆகவே அவரையும் பட்டியலில் சேர்த்தேன். மொத்த உலகத்தில் இந்த விஷயத்தில் நம்பத்தக்கவர் யாரும் மிச்சமில்லை.

இரண்டு வாரம் கழிந்து, கோர்ட் தேதியான திங்கள் வந்தது. கோர்ட்டின் மே மாத லீவுக்கு முந்தைய கடைசி வாரம். அப்பா சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சிவாஜிநகரில் லுங்கிக்காரர் வந்து அதை வாங்கிக்கொண்டார். கோர்ட் வராந்தாவில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவும் பெண் வக்கீலும் ஒரு மனுவைப் படித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

அப்போதுதான் சர்க்கார் வக்கீல் வந்தார். போன தடவை கூண்டில் நின்றவருக்கு எதிராகப் பேசியவர். வயதானவர், வெள்ளை மீசை. என்னைப் பார்த்ததும் நின்று, "என்ன பேட்டா, இன்றைக்கும் டியூட்டியா?" என்று மராட்டியில் கேட்டுச் சிரித்தார். அப்பாவுக்கு இப்போது வேலை அதிகமோ என்று கேட்டார். பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார்.

நான் சொன்னேன். புதன், சனி, செவ்வாய். ஆறு, ஐந்தே முக்கால், ஆறே கால். டிக்கெட் ஜன்னலிலிருந்து இரண்டாவது பெஞ்சு. லுங்கிக்காரர், சாக்கு, கட்டில், பாட்டுப் புத்தகம். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பேனாவை எடுத்து, கையிலிருந்த ஃபைலின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார். ஒரு பெரியவர் நான் சொல்வதைக் குறித்துக்கொண்டது அதுவே முதல் தடவை. கிழமையில் சந்தேகம் வந்து ஒரு முறை திரும்பக் கேட்டார். திருத்தமாகச் சொன்னேன்.

உள்ளே போனதும் பெண் வக்கீல் மனுவைக் கொடுத்தார். நீதிபதி படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா எழுந்து நின்று சொன்னது எல்லாம் மராட்டியில். இப்போதும் கிட்டத்தட்ட அப்படியே என்னால் சொல்ல முடியும். போன தடவை இந்த ஆள் சொன்னதில் பாதிக்கு மேல் தனக்குப் புரியவில்லை என்றார். அவர் தமிழ் ஒன்று, தன் தமிழ் வேறு, அந்த இயந்திரத்தைத் தான் பார்த்ததே இல்லை, கேட்ட துண்டுகளை ஒட்டவைத்து ஒரு வாக்கியம் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். தன் ஸ்டோரில் ஸ்பேனர் என்றால் இவ்வளவுதான் என்று ஒரு சாண் காட்டினார். அதனால் அவர் சொல்லாத 'கையிலிருந்து' என்பதைத் தானே சேர்த்துவிட்டதாகச் சொன்னார். உண்மையில் அவர் சொன்னது இது: தரைக்குள் இறங்கிய குழாயைக் கழற்றும்போது ஸ்பேனர் குழாயைக் கவ்வி நிற்கும், அதை யாரும் கையில் பிடித்திருப்பதில்லை. பக்கத்தில் நின்றவரை மூன்று தடவை கத்தி நகரச் சொன்னார். தமிழில்தான் கத்தினார், வேறு பாஷை தெரியாது. அந்தத் தம்பி நகரவில்லை. குழாய் சட்டென்று இளகியது, ஸ்பேனர் எகிறியது.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றார் நீதிபதி.

"தமிழ் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன், சாஹேப். வெட்கமாக இருந்தது."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நீதிபதி அரக்கு முத்திரையை உடைக்கச் சொன்னார். சிப்பந்தி துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் தூக்கி, மூச்சுப் பிடித்துக் காட்டினார். எங்கள் கட்டிலடி இரும்பின் இரட்டை. நீதிபதி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வக்கீலின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த ஆளை ஜாமீனில் விட வேண்டும் என்று அப்போதே கேட்டார்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். சத்தமே போடவில்லை. ஃபைலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார். இந்த இரண்டு வாரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஆள் யாரையாவது சந்தித்தீர்களா? புதன்கிழமை ஆறு மணிக்கு? சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு? தாபோடி ஸ்டேஷனில், டிக்கெட் ஜன்னலிலிருந்து இரண்டாவது பெஞ்சில்? அவர் கொடுத்த பொருளை வாங்கி வீட்டில் மறைத்து வைத்தீர்களா? அவர் சொல்லச் சொல்லக் காகிதத்தில் எழுதினீர்களா?

ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

அப்பா மெல்லத் திரும்பி, பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் வந்ததும் நின்றார். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாம், சாஹேப். எல்லாம் உண்மை. அந்த ஆள் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்."

"தெரிந்துகொள்ளவா, கற்றுக்கொள்ளவா?" என்றார் சர்க்கார் வக்கீல்.

பெண் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சு விஷயம் அவருக்கும் தெரியாது என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு படித்தார். பழைய வாக்குமூலத்தை ஏற்க முடியாது. புதியதையும் இவர் வாயிலிருந்து ஏற்க முடியாது. இவர் இந்த வழக்கிலிருந்து விலக வேண்டும். வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைத்ததும் எல்லாம் திரும்பக் கேட்கப்படும். வெளியே ஆட்கள் நடமாடிப் பேசி வைத்துக்கொள்வதாகத் தெரிவதால் அதுவரை ஜாமீன் கிடையாது. அப்பா கூண்டுப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து பொதுஜனங்கள் உட்காரும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த அறையில் இப்போது கூண்டில் நின்றவருக்கு மட்டும்தான் என்ன நடந்தது என்று தெரியாது. போலீஸ்காரர் வந்து அவர் கையைப் பிடித்தார். அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"என்னங்கய்யா சொல்றாங்க? ஊட்டுக்குப் போலாமுங்களா?"

அதை நான்கூடப் புரிந்துகொண்டேன். அப்பா பாதி எழுந்தார். சர்க்கார் வக்கீல் கையை உயர்த்தி, "சாஹேப்" என்றார். நீதிபதி அப்பாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அப்பா உட்கார்ந்தார். போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் வாசல்வரை திரும்பித் திரும்பி, "அய்யா, என்னங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

மொழிபெயர்க்கக் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சிப்பாய் ஒருவரைப் பெண் வக்கீல் தேடிப் பிடித்து, கோர்ட் லீவு கழிந்து, தேதி மேல் தேதி வந்து, திரும்ப அவரைக் கேட்க நாலு மாதம் ஆயிற்று. கொலை முயற்சி நிற்கவில்லை. கவனக்குறைவால் காயம் என்று தீர்ந்து, ஜெயிலில் இருந்த நாளே தண்டனையாகக் கழிந்து ஊருக்குப் போனார். இதெல்லாம் மழைக்காலம் முடியும்போது. அப்பா அதை வீட்டில் ஒரு வரியில் சொன்னார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எனக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை நாங்கள் மத்தியான லோக்கலில் திரும்பினோம். கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். அப்பா திட்டுவாரா, கேட்பாரா என்று காத்திருந்தேன். திட்டினால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன்: நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வண்டி கட்கி ஸ்டேஷனில் நின்றதும் கேட்டார்.

"அந்த வக்கீல் உன்கிட்ட எந்த பாஷைல கேட்டாரு?"

"மராட்டி."

"நீ எதுல சொன்ன?"

"மராட்டியிலதான். எல்லாம் கரெக்டா சொன்னேன். அவர் ஒரு தடவைதான் திரும்பக் கேட்டார்."

அப்பா தலையாட்டினார்.

"நல்லாத்தான் பேசுற, பாப்பா. உனக்கு எல்லாரும் பேசறது புரியுது."

அதை நான் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அண்ணனிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.